ஸ்டீரியோ படங்களோடு புகைப்பட மாநாட்டுக்குப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சி பக்கம் புகைப்படக்காரர்கள் மாநாடு என்றால் பெரும்பாலும் ஒரு கல்யாண மண்டபம்தான். மேடையில் பேச்சு, ஓரத்தில் ஆல்பம், லைட், லென்ஸ் விற்கும் கடைகள், காலையிலோ மறுநாளோ ஒரு கோயில் படப்பிடிப்பு. ஸ்டீரியோவுக்கென்று அங்கே தனி இடம் இருக்காது. இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு மேசை கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்காக எழுதியது இது.

ஸ்டீரியோ என்றால் என்னவென்று கேட்டால் சுருக்கமாக என்ன சொல்வது?

இடது கண் பார்ப்பதை ஒரு படமாகவும் வலது கண் பார்ப்பதை இன்னொரு படமாகவும் எடுத்து, அந்தந்தக் கண்ணுக்கு அதனதன் படத்தை மட்டும் காட்டினால், மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தோடு பார்க்கும். சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ல் இதை ஓவியக் கோடுகளையும் இரண்டு கண்ணாடிகளையும் வைத்து விளக்கினார். பிரெஞ்சுக்காரர் டாகரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டதே அதற்கு அடுத்த ஆண்டுதான். இவ்வளவு சொன்னால் போதும். மேற்கொண்டு பேசாமல் வியூவரை, அதாவது ஒவ்வொரு கண்ணுக்கும் அதனதன் படத்தை மட்டும் காட்டும் கருவியை, கையில் கொடுத்துவிடுங்கள்.

ஊர்க்காரர்களிடம் சொல்ல இன்னொரு செய்தியும் உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்தார். விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். அதே காலத்தில் திருச்சி, தஞ்சாவூர், மதுரை ஆகிய ஊர்களை ஸ்டீரியோ ஜோடிகளாகவும் வெளியிட்டார். ஸ்டீரியோ இந்த மண்ணுக்குப் புதிதில்லை என்று தெரிந்ததும் மூத்த ஸ்டுடியோக்காரர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

கட்டாயம் எடுத்துப் போக வேண்டியவை எவை?

முதலில் வியூவர். புரொஜெக்டர், டிவி எல்லாம் இரண்டாம்பட்சம். ஹோம்ஸ் வகை வியூவர் (அட்டையைத் தாங்கியில் வைத்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்கும் பழைய வகை) ஒன்று, சாதாரண இரட்டை லென்ஸ் வியூவர் இரண்டு, இடது-வலது ஜோடியைப் பக்கம் பக்கமாக அச்சிட்டு நன்றாகச் சீர்செய்த அட்டைகள் 12. மேசை விளக்கு ஒன்று, மெல்லிய துணி, லென்ஸ் துடைக்கும் திரவம், ஐந்து மீட்டர் எக்ஸ்டென்ஷன் கம்பி. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும்.

அட்டைகள் 12-க்கு மேல் வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஐம்பது அட்டை கொண்டுபோனால் அதில் பத்து அட்டையாவது சரியில்லாமல்தான் இருக்கும். வருகிறவர் கையில் முதலில் சிக்குவது அதுவாகவே இருக்கும். கண் வலித்தால் அவர் திரும்பி வரமாட்டார். "த்ரீ டி பார்த்தால் தலை வலிக்கும்" என்று மண்டபம் முழுக்கச் சொல்லியும் விடுவார். மாநாட்டுக்குப் போகும் ஸ்டீரியோக்காரர் காப்பாற்ற வேண்டியது இதைத்தான்: ஒருவர் கண்ணும் வலிக்கக் கூடாது.

என்னிடம் ஒரே ஒரு கேமராதான் இருக்கிறது. போனில் எடுக்கலாமா?

தாராளமாக. அசையாத பொருளுக்கு ஒரு கேமராவே போதும். இடது படத்தை எடுத்து, கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தி, வலது படத்தை எடுக்க வேண்டும். எப்போதும் இடதுதான் முதல் என்று பழக்கிக்கொண்டால் பிறகு குழப்பம் வராது. ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் உள்ளங்கையை ஒரு படம் எடுத்து வையுங்கள். வீட்டில் முந்நூறு படங்களைப் பிரிக்கும்போது கை தெரியும் இடமெல்லாம் ஜோடியின் எல்லை.

கைப்பிடியில் எடுக்கும்போது இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, உடல் எடையை இடது காலில் வைத்து ஒரு படம், வலது காலுக்கு மாற்றி ஒரு படம். தோளும் கேமராவும் ஒரே உயரத்தில் நகர வேண்டும். படத்தின் நடுவில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு இரண்டிலும் அது ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலரும் செய்யும் தவறு, நகர்ந்த பிறகு கேமராவைப் பொருளை நோக்கிச் சற்றுத் திருப்புவது. திருப்பினால் ஒரு படத்தில் இடது ஓரம் பெரிதாகவும் மற்றதில் வலது ஓரம் பெரிதாகவும் விழும். மூலைகளில் மேல்கீழ் வித்தியாசம் வந்து கண்ணை இழுக்கும். நகர்த்துங்கள், திருப்பாதீர்கள்.

போனில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் இரண்டாவது படம் வெளுத்துப்போகும். இரண்டு, பல வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் எச்டிஆரை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். மூன்று, மிக அருகில் போனால் சில போன்கள் தாமாகவே அகல லென்ஸுக்கு மாறிவிடும். இடது படம் ஒரு லென்ஸிலும் வலது படம் இன்னொரு லென்ஸிலும் எடுக்கப்பட்டிருந்தால் எந்த மென்பொருளாலும் அழகாகச் சேர்க்க முடியாது. அந்த மேக்ரோ தானியங்கியை அமைப்பில் போய் நிறுத்திவையுங்கள்.

எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டும்?

பொது விதி: படத்தின் சட்டத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) தெரியும் பொருள்களில் உங்களுக்கு மிக அருகில் இருப்பது எவ்வளவு தூரமோ, அதில் 30-ல் ஒரு பங்கு. பொருளின் தூரம் என்று பலர் தப்பாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கணக்கு மிக அருகில் இருப்பதற்குத்தான்.

பெரிய கோயில் நந்தியை நான்கு மீட்டர் தள்ளி நின்று எடுக்கிறீர்கள். முன்னால் வேறெதுவும் இல்லை. 400 சென்டிமீட்டரை 30-ஆல் வகுத்தால் 13 சென்டிமீட்டர். அதே சட்டத்தில் ஒரு மீட்டர் தள்ளி கம்பித் தடுப்பு தெரிந்தால் கணக்கு மாறிவிடும்: மூன்றே மூன்று சென்டிமீட்டர். கம்பியைச் சட்டத்திலிருந்து விலக்குங்கள், அல்லது மூன்று சென்டிமீட்டரோடு திருப்தி அடையுங்கள். இரண்டும் கூடாது என்றால் படம் கெடும்.

தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் தூண்களில் கையகலச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றை 45 சென்டிமீட்டரில் எடுத்தால் நகர்வு ஒன்றரை சென்டிமீட்டர். காலை மாற்றி ஊன்றினால் இவ்வளவு நுணுக்கம் கிடைக்காது. 30 சென்டிமீட்டர் நீள அலுமினியச் சட்டம் ஒன்றில் ஸ்கேலை ஒட்டி, போனை அதன் மேல் சறுக்கி நகர்த்துங்கள். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் அங்கே இருக்கிறது. ஸ்டீரியோவில் பார்க்கும்போதுதான் எந்தக் கோடு முன்னால் வருகிறது, எது பின்னால் போகிறது என்று சிற்பி செய்த கணக்கு பிடிபடும். மாநாட்டு மேசைக்கு இதைவிட நல்ல அட்டை கிடைப்பது கடினம்.

விமானத்துக்கு வருவோம். மிக அருகில் இருப்பதே 60 மீட்டருக்கு அப்பால் என்றால் விதிப்படி இரண்டு மீட்டர் நகரலாம். ஆனால் நகராதீர்கள். கண்களின் இடைவெளி ஆறரை சென்டிமீட்டர்தான். அதைவிடப் பல மடங்கு நகர்ந்தால் மூளை கோயிலைச் சின்னதாக்கிவிடும். இருநூறு அடிக்கு மேல் எழும் கல் விமானம் கொலு பொம்மைக் கோயிலாகத் தெரியும். அரை மீட்டருக்குள் நில்லுங்கள் என்பது எங்கள் தீர்மானம். விமானத்தின் ஆழம் சற்றுக் குறைந்தாலும் அதன் கம்பீரம் நிற்கும்.

லென்ஸைப் பொறுத்தும் விதி மாறும். போனின் முதன்மை லென்ஸ் அகலமானது; 20-ல் ஒரு பங்கு வரை தாங்கும். இரண்டு மடங்கு ஜூமில் 40-ல் ஒரு பங்கே பத்திரம். கடைசிச் சோதனை கணினியில்: இரண்டு படத்திலும் மிகத் தொலைவில் உள்ள புள்ளியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால், மிக அருகில் உள்ள புள்ளி படத்தின் அகலத்தில் 30-ல் ஒரு பங்குக்கு மேல் விலகக் கூடாது. 1920 பிக்சல் அகலப் படத்தில் அது 64 பிக்சல்.

வயல், ஆறு, தென்னை எல்லாம் எடுத்தால் மட்டும் படம் கலங்குகிறதே?

ஒரு கேமராவால் நகர்த்தி எடுத்தால் கலங்கத்தான் செய்யும். இரண்டு படத்துக்கும் நடுவில் ஒரு நொடி போய்விடுகிறது. அந்த ஒரு நொடியில் தென்னங்கீற்று இடம் மாறும், நாற்று அலையும், கல்லணை மதகில் தண்ணீர் வேறு உருவம் எடுக்கும். இடது கண்ணும் வலது கண்ணும் ஒரே இடத்தில் வேறு வேறு பொருளைப் பார்க்கும். அந்த இடம் மினுமினுக்கும். ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள், கீற்று எம்மாத்திரம். ஆடியில் வயல்வெளியை நகர்த்தி எடுக்கப் போகாதீர்கள். தை மாதம் விடிந்தும் விடியாத நேரம், பனி இறங்கிக் காற்று நின்றிருக்கும் அரை மணி நேரம் கிடைக்கும். பனியே தூரத்தை அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும். முன்னால் வரப்பு, நடுவில் பனைமரம், கடைசியில் கோபுரம் என்று மூன்று அடுக்கு வைத்தாலே போதும்.

தண்ணீர் கட்டாயம் வேண்டும் என்றால் இரண்டு கேமராவும் ஒரே நொடியில் இயங்க வேண்டும்.

இரண்டு போனை ஒரு சட்டத்தில் மாட்டி ஒரே நேரத்தில் அழுத்தினால் போதாதா?

சிற்பத்துக்குப் போதும். மனிதர்களுக்குப் போதாது. இரண்டு கட்டைவிரலால் ஒன்றாக அழுத்தினாலும் போன்கள் 50 மில்லி நொடி முன்பின்னாக எடுப்பது சகஜம். நடந்து போகிறவர் நொடிக்கு 1.2 மீட்டர் போனால், 50 மில்லி நொடியில் ஆறு சென்டிமீட்டர் நகர்ந்திருப்பார். அது ஏறக்குறைய உங்கள் இரண்டு கண்ணின் இடைவெளி. ஒரு திசையில் நடப்பவர் இருக்க வேண்டிய இடத்தைவிட முன்னால் மிதப்பார்; எதிர்த் திசையில் நடப்பவர் சுவருக்குள் புதைந்துவிடுவார்.

நேர வித்தியாசத்தை அளக்க மண்டபத்து மின்விசிறியே போதும். ஒரு இறக்கையில் கலர் டேப் ஒட்டி, நல்ல வெளிச்சத்தில், ஷட்டரை 1/1000-க்கு வைத்து இரண்டு போனாலும் எடுங்கள். விசிறி நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால் ஒரு மில்லி நொடிக்கு 1.8 டிகிரி. இரண்டு படத்திலும் டேப் 18 டிகிரி விலகியிருந்தால் வித்தியாசம் 10 மில்லி நொடி.

இதற்கு ஒழுங்கான வழிகள் இரண்டு. பழைய கேனான் பவர்ஷாட் ஜோடியில் ஸ்டீரியோ டேட்டா மேக்கர் என்ற இலவச நிரலை மெமரி கார்டில் ஏற்றி, யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் கொடுக்கும் ஒரே சுவிட்சால் இரண்டையும் இயக்குவது ஒன்று. ஒரே உடலில் இரண்டு லென்ஸ் உள்ள ஃபியூஜி டபிள்யூ3 போன்ற கேமரா மற்றொன்று.

அந்த ஃபியூஜி கேமரா பழையதாக விற்பனைக்கு வந்தால் வாங்கலாமா?

வாங்கலாம், சோதித்துவிட்டு. டபிள்யூ1 2009-லும் டபிள்யூ3 2010-லும் வந்தவை. இப்போது தயாரிப்பில் இல்லை. டபிள்யூ3-ன் லென்ஸ் இடைவெளி 75 மில்லிமீட்டர். ஆகவே 2.25 மீட்டருக்குள் எதுவும் சட்டத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். திரையில் கண்ணாடி இல்லாமலே ஆழம் தெரிவதால் விற்பவர் அதையே காட்டி மயக்குவார். நீங்கள் செங்கல் சுவரை நேராக எடுத்துப் பாருங்கள். இரண்டு படத்திலும் செங்கல் வரிசை ஒரே உயரத்தில் இருக்கிறதா, இரண்டு பக்க மூலைகளும் ஒரே கூர்மையில் இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். கீழே விழுந்த கேமரா இங்கே மாட்டிக்கொள்ளும். பேட்டரி உப்பியிருக்கிறதா, லென்ஸ் உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்பதும் முக்கியம். டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அலமாரியில் தூங்கிய கேமராவுக்குப் பூஞ்சை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கோயிலுக்குள் முக்காலி வைக்கலாமா?

தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. முக்காலிக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். கருவறைப் பக்கம் கேமராவே கூடாது. மாநாட்டுக் குழு மொத்தமாக அனுமதி வாங்கியிருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் முன்பு சொன்ன அலுமினியச் சட்டத்தைக் கையில் பிடித்தே சமாளிக்கலாம். காலை ஒன்பதுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு சுடுகல்லில் நின்று காலை மாற்றி ஊன்றினால் படம் ஆடும்.

ஜோடியைக் கணினியில் எப்படிச் சீர்செய்வது?

ஸ்டீரியோ ஃபோட்டோ மேக்கர் என்ற விண்டோஸ் மென்பொருள் இலவசம். ஜப்பானைச் சேர்ந்த மசுஜி சுடோ எழுதியது. ஆண்ட்ராய்டு போனில் அவருடைய 3டி ஸ்டீராய்டு செயலி இருக்கிறது.

இடது, வலது படங்களைத் திறந்து, தானியங்கிச் சீரமைப்பை ஓடவிடுங்கள். ஆல்ட் விசையோடு ஏ. சாய்வு, மேல்கீழ் வித்தியாசம், அளவு வித்தியாசம் எல்லாவற்றையும் அதுவே திருத்தும். பிறகு இரண்டு படத்தையும் இரண்டு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டும் சிவப்பு-நீலக் காட்சிக்கு மாற்றி, நான்கு மூலைகளிலும் பாருங்கள். மேல்கீழாக நிழல் விழுந்தால் சீரமைப்பு தோற்றிருக்கிறது. கையால் திருத்த வேண்டும். காற்றில் ஆடும் இலைகள் சட்டத்தை நிறைத்திருந்தால் தானியங்கி ஏமாறுவது வழக்கம்.

அடுத்தது ஜன்னல். படத்தின் நான்கு ஓரமும் ஒரு ஜன்னல் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்சி அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட தூண் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றால் கண் திகைக்கும்: முன்னால் இருப்பதை எப்படி ஜன்னல் வெட்டியது? இடது, வலது அம்புக்குறியால் படத்தை நகர்த்தி, மிக அருகில் உள்ள பொருள் சட்டத்தைத் தொடும் அளவில் நிறுத்துங்கள். சரிபார்க்க எளிய வழி: படத்தின் இடது ஓரத்தில், வலது கண்ணின் படம்தான் சற்றுக் கூடுதலாகக் காட்ட வேண்டும். வீட்டு ஜன்னலருகே நின்று ஒரு கண்ணை மூடி மூடிப் பார்த்தால் இதே விஷயம் தெரியும்.

இடமும் வலமும் மாறிப்போயிருந்தால் குழிந்தது புடைக்கும், புடைத்தது குழியும். கல்வெட்டு எழுத்து கல்லிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் சந்தேகமே வேண்டாம், மாற்றுங்கள்.

அட்டையை உள்ளூர் லேபிலேயே அச்சிடலாமா?

முடியும், அதுதான் மலிவு. பழைய ஹோம்ஸ் அட்டையின் அளவு 7 அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். லேபில் 5×7 அங்குலத் தாள் எப்போதும் கிடைக்கும். அதன் அகலம் அப்படியே பொருந்துகிறது. 300 டிபிஐ-க்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2100×1500 பிக்சல் கோப்பு செய்து, மேலே 1050 பிக்சல் உயரத்தில் ஜோடியையும், கீழே மிச்சமுள்ள ஒன்றரை அங்குலத்தில் இடம், தேதி, நகர்வு அளவு ஆகியவற்றையும் வைத்து அச்சிட்டு, வெட்டி, குறிப்பை அட்டையின் பின்னால் ஒட்டிவிடலாம். தொலைவில் உள்ள ஒரே புள்ளி இரண்டு படத்திலும் 75 முதல் 80 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். 80-ஐத் தாண்டக் கூடாது.

இந்த அளவு ஹோம்ஸ் வியூவருக்கு மட்டுமே. அதன் லென்ஸ் பட்டகம் போல ஒளியை வளைப்பதால்தான் 80 வரை தாங்குகிறது. சாதாரண லென்ஸ் வியூவருக்கு 4×6 தாளில், ஒவ்வொன்றும் 62 மில்லிமீட்டர் அகலமாக இரண்டு படத்தை ஒட்டி வையுங்கள். கண்கள் வெளிப்பக்கமாக விலகிப் பார்க்கப் படைக்கப்படவில்லை. 65-ஐத் தாண்டினால் வலிதான்.

லேபில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, தாளை நிரப்புவதற்காகப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடுவார்கள். 75 மில்லிமீட்டர் 77 ஆகிவிடும். "சைஸ் மாற்றாமல் அப்படியே" என்று சொல்லி, முதல் பிரிண்டை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள். மற்றொன்று, ஆட்டோ கலர் திருத்தம். நிறுத்தச் சொல்லுங்கள். தாள் மேட்டாக இருக்கட்டும். கிளாஸி தாளில் மேசை விளக்கு ஒரு கண்ணுக்கு மட்டும் பளிச்சிடும்.

மேசைக்கு வருகிறவர்களுக்கு எப்படிக் காட்டுவது?

விளக்கைப் பார்ப்பவரின் தோளுக்குப் பின்னால், அட்டையில் விழும்படி வையுங்கள். படிக்கும் கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றாமல் பார்க்கட்டும். அட்டையைத் தாங்கியில் வைத்து, தாங்கியை மெல்ல முன்னும் பின்னும் தள்ளச் சொல்லுங்கள். முதலில் இரண்டு படமாகத்தான் தெரியும். பிறகு ஒன்றின் விளிம்பு மற்றதின் மேல் வழுக்கும், ஒரு கணம் மங்கும். சட்டென்று தூண் முன்னால் வந்து நிற்கும், அதன் பின்னே மண்டபம் உள்வாங்கிப் போகும். பார்ப்பவரின் வாய் தானாகத் திறக்கும். அந்த நேரத்தில் நீங்கள் ஒன்றும் பேசாதீர்கள். அவர் அந்தத் தூணைச் சுற்றிப் பார்க்கட்டும்.

முதல் அட்டை மென்மையான ஆழம் உள்ளதாக இருக்கட்டும். சிலருக்குத் தெரியவே தெரியாது. மாறுகண் உள்ளவர்கள், சிறு வயதிலேயே ஒரு கண் பார்வை குறைந்தவர்கள் இருப்பார்கள். "நன்றாகப் பாருங்கள், தெரியும்" என்று வற்புறுத்தாதீர்கள். படத்தைப் படமாகவே ரசிக்க விட்டு, பேச்சை மாற்றுங்கள். ஒவ்வொருவருக்குப் பிறகும் வியூவரின் நெற்றிப்பட்டையைத் துடைத்துவிடுங்கள். மண்டபத்துப் புழுக்கத்தில் வியர்வை நிற்கும்.

சிவப்பு-நீலக் கண்ணாடியில் காட்டினால் செலவு குறைவுதானே?

குறைவுதான். ஐந்நூறு பேருக்குக் கொடுக்க வேறு வழியும் இல்லை. ஆனால் நம் ஊர்ப் படங்களுக்கு அது பொருந்தாத இடம் ஒன்று உண்டு. குங்குமம், அரளிச் செவப்பு, கூறைப்புடவை. சிவப்புப் பட்டு ஒரு கண்ணுக்கு வெள்ளையாகவும் மற்றதற்குக் கறுப்பாகவும் தெரிந்து மினுமினுக்கும். கோயில் மதில் காவிப் பட்டைக்கும் இதே கதி. நிறத்தைக் குறைத்து, டுபோய் முறை என்ற நிறக் கலவையில் மாற்றினால் ஓரளவு அடங்கும். கறுப்பு-வெள்ளையில் கல் சிற்பம் என்றால் பிரச்சினையே இல்லை.

திரையில் காட்டுவதற்கு என்னென்ன வேண்டும்?

ஒரே மாடல் புரொஜெக்டர் இரண்டு, இரண்டு போலரைசர் ஃபில்டர் (ஒளியின் அதிர்வை ஒரே திசையில் மட்டும் விடுவது), வெள்ளித் திரை, போலராய்டு கண்ணாடிகள், இரண்டு வெளியீடு உள்ள ஒரு லேப்டாப். இதில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் திரை. மண்டபத்தின் வெள்ளைத் துணியில் போலரைசான ஒளி பட்டதும் அதன் திசை கலைந்துவிடும். இரண்டு கண்ணுக்கும் இரண்டு படமும் தெரியும். வெள்ளித் திரை வாங்க முடியாவிட்டால் 8×4 அடி பிளைவுட்டில் மேட் அலுமினியப் பெயின்ட்டை ஸ்பிரே செய்யுங்கள். பிரஷ்ஷால் அடித்தால் கோடு கோடாக மின்னும். அப்படிப்பட்ட திரையில் நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். நாற்காலிகளை அகலமாகப் போடாமல் நீளவாக்கில் போடுங்கள்.

ஃபில்டர்கள் ஒன்று 45 டிகிரியும் மற்றது 135 டிகிரியும் சாய்ந்திருக்க வேண்டும். பல எல்சிடி புரொஜெக்டர்களில் பச்சை ஒளி ஒரு திசையிலும் சிவப்பும் நீலமும் வேறு திசையிலும் போலரைசாகி வரும். ஃபில்டரை நேராக வைத்தால் படம் பச்சையாகவோ கருஞ்சிவப்பாகவோ மாறுவது அதனால்தான். ஃபில்டரை லென்ஸை ஒட்டி வைக்காதீர்கள், சூட்டில் சுருண்டுவிடும். சில சென்டிமீட்டர் தள்ளி, காற்று போகும்படி நிறுத்துங்கள். தியேட்டரில் கொடுத்த கண்ணாடி பெரும்பாலும் வட்டப் போலரைசர். உங்கள் ஃபில்டருக்குப் பொருந்தாது.

பொருத்துவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கட்டம் போட்ட படத்தை இரண்டிலும் விட்டு முதலில் நடுவையும் பிறகு மூலைகளையும் சேர்க்க வேண்டும். சாய்ந்து விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தத்தை அணைத்துவிட்டு, புரொஜெக்டரையே சரியான உயரத்தில் வைப்பது மேல். பொருத்திய பிறகு மேசையை யாரும் தொடக் கூடாது. டீ கொண்டுவருகிறவர் கிளாஸை அதன் மேல்தான் வைப்பார். சுற்றி நாற்காலி போட்டு மறித்துவையுங்கள்.

மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்க சில நொடி ஆகும். பல்பு புரொஜெக்டர் ஒன்று சுமார் 300 வாட் இழுக்கும். ஒரு 600 விஏ யுபிஎஸ் இரண்டு புரொஜெக்டரைத் தாங்காது. இவ்வளவு ஏற்பாடு முடியாது என்றால் கண்ணாடியோடு வந்த பழைய 3டி டிவி ஒன்றைக் கொண்டுபோங்கள். பத்துப் பேருக்கு அதுவே போதும்.

மேடையில் 20 நிமிடம் கொடுத்தால்?

30 ஜோடி. ஒவ்வொன்றும் குறைந்தது 10 நொடி நிற்கட்டும். கண் ஆழத்துக்குள் இறங்க நேரம் பிடிக்கும். அருகில் உள்ள சிற்பத்திலிருந்து சட்டென்று கடலோரக் காட்சிக்குத் தாவாதீர்கள். தாராசுரம் தூண், மண்டபம், வெளிப்பிராகாரம், பிறகு கொள்ளிடம் என்று ஆழம் படிப்படியாக விரியட்டும். எழுத்துப் பலகை போட்டால் எழுத்தும் ஜன்னல் தளத்திலேயே இருக்க வேண்டும். காட்சிக்குள் இருக்கும் கல்லுக்குப் பின்னால் எழுத்து போய்விட்டால் கண் குழம்பும்.

போட்டிக்கு அனுப்பலாமா?

மாநாட்டின் பொதுப் போட்டிக்கு ஒற்றைப் படமாக அனுப்புங்கள். ஸ்டீரியோவுக்கு அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏ-வில் தனிப் பிரிவே இருக்கிறது. அப்படிப்பட்ட கண்காட்சிகள் பெரும்பாலும் இடமும் வலமும் பக்கம் பக்கமாக 3840×1080 பிக்சலில் கேட்கும். ஒவ்வொரு பாதியும் 1920×1080. விதியைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

ஆர்வம் காட்டியவர்களோடு தொடர்பில் இருப்பது எப்படி?

நோட்டுப் புத்தகத்தில் பெயர், ஊர், எந்த அட்டை பிடித்தது என்று மூன்று மட்டும் அவர்கள் கையாலேயே எழுத விடுங்கள். விருப்பம் உள்ளவர்கள் போன் எண்ணையும் எழுதுவார்கள். உலக அளவில் 1975-ல் தொடங்கிய சர்வதேச ஸ்டீரியோஸ்கோப்பிக் யூனியன் இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டீரியோஸ்கோப்பிக் சொசைட்டி 1893-லிருந்து இயங்குகிறது. ஆழ்ந்து போக நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு பெயரையும் எழுதிக் கொடுக்கலாம்.

அன்று இரவே அவர்களுக்குப் பிடித்த ஜோடியை அனுப்பிவிடுங்கள், சூடு ஆறுவதற்குள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். பக்கம் பக்கமாக உள்ள ஜோடியில் ஒவ்வொரு கண்ணுக்கும் மிஞ்சுவது பாதி அகலம்தான். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். கூடவே, போனில் அந்த ஜோடி 12 சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் தெரியாமல் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.